காவடிப் படங்கள் கணினிக்கு வந்த கதை

மொரீஷியஸில் கத்ர் போர்ன் மலைக்கோயிலில் எடுத்த தைப்பூசப் படங்கள் முழுவதும் கேமராவிலேயே கிடந்தன. யுஎஸ்பி கேபிளைச் செருகினால் கேமராவில் சார்ஜ் விளக்கு எரிகிறது. விண்டோஸோ வாயே திறக்கவில்லை. ரோஸ் ஹில்லில் இருந்து அண்ணி வேறு, "தம்பி, படம் எப்ப வரும்?" என்று வாட்ஸப்பில் நச்சரிப்பு.

விளக்கு எரிவதை மட்டும் வைத்துக் கேபிளை நம்பக் கூடாது. யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜ் ஏற்ற மட்டுமே செய்த மலிவுக் கேபிள்களில் தகவல் கம்பிகள் இருக்காது. கேமராவோடு வந்த பழைய கேபிளை அலமாரியில் தேடி எடுத்து மாட்டினேன். 'டிங்' என்று சத்தம் கேட்டது, படம்தான் வரவில்லை.

கணினியோடு இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் கேமரா பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். அதை வலது கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால்' கொடுத்தேன். கேபிளை உருவி, சிபியுவின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகினேன். கேமராவைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருளான டிரைவர் தானாக ஏறி, கோபுரமும் காவடிகளும் வரிசையாகத் திரைக்கு வந்தன. கேமரா மெனுவில் யுஎஸ்பி முறை 'பிரிண்டர்' என்று இருந்தால் படங்களைக் கணினிக்கு அனுப்பும் முறையான 'பிடிபி'க்கு மாற்றுங்கள்.

என்னைக் கேட்டால், கேமராவின் மெமரி கார்டைக் கழற்றிச் செருகிப் படிக்கும் கார்டு ரீடர் வாங்குவதே மேல்; கேமரா பேட்டரியும் மிச்சம். ஆனால் 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளைப் பழைய ரீடர்கள் பல படிக்காது. அப்போது விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் தப்பித் தவறியும் சரி என்று அழுத்திவிடாதீர்கள்; கார்டில் உள்ள படங்கள் அழிந்துவிடும்.