எந்தப் பாசிப்பயறு அதிகம் விளையும்? எண்ணிப் பார்த்துவிடலாம்

செடி தளதளவென்று நின்றால் விளைச்சல் அள்ளிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதல் போகத்தில் முழங்காலைத் தாண்டி வளர்ந்த செடிகளைப் பார்த்துப் பூரித்துப் போனேன். இலையைத் தள்ளிப் பார்த்தால் காய் சொற்பம். அப்போதிருந்து எதையும் எண்ணாமல் நம்புவதில்லை.

கோ 8, வம்பன் 4 என இரண்டு ரகங்களை ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரே நிலத்தில், ஒரே நாளில், 30 செ.மீ. வரிசைக்கு 10 செ.மீ. செடி இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் விதையுங்கள். ஒன்றை முன்னாலும் மற்றதைப் பத்து நாள் கழித்தும் விதைத்தால் ஒப்பிட்டுப் பயனில்லை.

முதல் காய்கள் கறுத்து நெற்றாகும்போது வயலில் இறங்குங்கள். வரப்போரச் செடிகளைத் தொடாதீர்கள்; வெயிலும் இடமும் கூடுதலாகக் கிடைப்பதால் அவை எப்போதும் நன்றாகத்தான் காய்த்திருக்கும். பத்து அடி நடந்து, வலது காலுக்குப் பக்கத்தில் நிற்கும் செடிக்கு ஒரு நூல் கட்டுங்கள். இப்படி ரகத்துக்குப் பத்துச் செடி. நல்ல செடியாகத் தேடினால் கணக்கு கெட்டது.

இனி, நூல் கட்டிய ஒவ்வொரு செடியிலும் கிளை எத்தனை, கொத்து எத்தனை, மொத்தக் காய் எத்தனை என்று குறியுங்கள். அப்புறம் அடியில், நடுவில், நுனியில் என மூன்று இடத்திலிருந்தும் சில காய்களைப் பறித்துப் பிளந்து பாருங்கள். நுனிக் காயில் மணி குறைந்திருக்கலாம். சில அறைகளில் ஊசி முனை அளவில் சுருங்கிய பொக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், அதை எண்ணாதீர்கள்.

காயவைத்த 100 மணிகளை எடை போடுங்கள். நகை எடை போடும் சின்னத் தராசு போதும். நம் ரகங்களில் பெரும்பாலும் 3 முதல் 4 கிராம் இருக்கும்.

காய் × மணி × ஒரு மணியின் எடை, அவ்வளவுதான். கணக்குக்காகச் சொல்கிறேன்: செடிக்கு 18 காய், காய்க்கு 10 மணி, 100 மணி 3.5 கிராம் என்றால் செடிக்கு 6.3 கிராம். மணி பருத்து 4 கிராம் இருந்தும் காய் 14 தான் என்றால் 5.6 கிராம். பருத்த மணி சந்தையில் கண்ணைக் கவரும். மூட்டையை நிரப்புவது பெரும்பாலும் காயின் எண்ணிக்கைதான். கொத்தும் கிளையும் கூடினால் காய் கூடும். காய்க்குள் இருக்கும் மணி மட்டும் ரகத்துக்கு ரகம் அவ்வளவாக மாறுவதில்லை.

இன்னும் இரண்டைக் குறித்துவையுங்கள். ஒன்று, காய்கள் ஒரே சமயத்தில் முதிர்கின்றனவா? கோ 8-ஐ விரும்புகிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள். மூன்று முறை பறிக்க ஆள் தேட வேண்டாம். இரண்டு, மஞ்சள் தேமல். வெள்ளை ஈ பரப்பும் இந்த நோய் இளம் பயிரிலேயே வந்துவிட்டால் மற்ற குணம் எதுவும் கைகொடுக்காது.

சரி, அதிகம் காய்த்த செடியின் விதையைத் தனியே எடுத்து வைக்கலாமா? வைக்கலாம். பாசிப்பயறு தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் தாய்ச்செடியின் குணம் பெரிதாகக் கலையாது. ஆனால் ஒரே ரகத்துக்குள் ஒரு செடி மட்டும் தூக்கலாக இருந்தால், காரணம் பெரும்பாலும் மண்தான். அடுத்த போகத்தில் அந்த விதையை மற்றதன் பக்கத்தில் ஒரு வரிசை விதைத்துப் பாருங்கள். நான் பத்திரப்படுத்திய 'அதிசயச் செடி'யின் பிள்ளைகள் மற்றவை போலத்தான் காய்த்தன. தாய் நின்ற இடம் எங்கள் பழைய எருக்குழி.