எந்தக் கடனை முதலில் அடைப்பது? பலரும் தவறுவது இங்கேதான்

போனஸோ சீட்டுப் பணமோ கைக்கு வந்ததும் பலர் செய்வது ஒன்றுதான். யார் அதிகம் நச்சரிக்கிறார்களோ, அவர்கள் கடனை அடைப்பது. இல்லையென்றால் மனதை எது உறுத்துகிறதோ, அதை. வட்டி எவ்வளவு என்று பார்ப்பவர்கள் குறைவு. கடன் வருடக்கணக்கில் இழுப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன்.

ஒப்பிடுவதிலும் சிக்கல் இருக்கிறது. வங்கி ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்கிறது, கார்டு மாதத்துக்கு என்கிறது, ஊரில் ரெண்டு வட்டி, மூணு வட்டி என்கிறோம். எல்லாவற்றையும் ஊர்க் கணக்குக்கே மாற்றி ஒரு தாளில் எழுதுங்கள்: நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு? 9 சதவீத நகைக்கடன் 75 பைசா வட்டி. 15 சதவீத பர்சனல் லோன் ஒண்ணேகால் வட்டி. கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் என்பது சாதாரணம். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் நாலு வட்டியைத் தாண்டிவிடும். வெளியில் மூணு வட்டிக்கு வாங்கப் பயப்படும் குடும்பம், கார்டில் அதைவிட அதிகம் கட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு வீட்டில் இந்த மூன்று கடனும் இருக்கின்றன, கையில் 40,000 ரூபாய் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தை மாதம் கல்யாணங்கள் வரும், நகையை மீட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் நகைக்கடனில் கட்டினால் மாத வட்டியில் மிச்சமாவது 300 ரூபாய். அதே பணத்தைக் கார்டில் கட்டினால் சுமார் 1,650 ரூபாய். கார்டை முதலில் முடித்தால் நகையும் சீக்கிரம் வீட்டுக்கு வரும். அதுவரை நகைக்கடனைத் தவணை தவறாமல் புதுப்பியுங்கள். ஏலத்துக்குப் போக விடாதீர்கள்.

கார்டில் 'மினிமம் டியூ', அதாவது மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது எவ்வளவு மோசம் என்பதை ரூபாயில் பார்த்தால்தான் உறைக்கும். பாக்கி 50,000, மினிமம் 5 சதவீதம், அதாவது 2,500 ரூபாய். அதில் வட்டி 1,750, ஜிஎஸ்டி 315. அசலில் கழிவது வெறும் 435 ரூபாய். அதோடு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்தக் கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

குறைந்த வட்டிக்கு ஒரே கடனாக வாங்கிக் கார்டை அடைப்பது நல்ல வழி. அடைத்த கார்டையே மறுபடி தேய்க்க ஆரம்பித்தால் மட்டும் கடன் இரண்டாகிவிடும். அப்படி வாங்கும்போது 'ஃபிளாட் வட்டி'யா என்று கேளுங்கள். ஒரு லட்சத்துக்கு 12 சதவீத ஃபிளாட், மூன்று வருடம் என்றால், அசல் குறையக் குறைய வட்டி குறையாது. மொத்தம் 36,000 ரூபாய் வட்டி. குறையும் அசலில் கணக்கிட்டால் அது 21 சதவீதத்துக்கு மேல்.

வட்டி அதிகமுள்ளதை முதலில் அடைக்கும் இந்த வரிசையில், வட்டியில்லாக் கைமாற்றை மட்டும் சேர்க்க மாட்டேன். கொடுத்தவருக்கு அவசரம் என்றால் அதுதான் முதலில். அப்புறம், கையில் இருப்பதையெல்லாம் கடனில் போட்டுவிடாதீர்கள். ஒரு மாதச் செலவுக்காவது பணம் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு உங்களைத் திரும்பக் கார்டுக்கே கொண்டுபோய்விடும்.

கந்துவட்டியில் சிக்கியிருப்பவர்கள், அதை அடைப்பதற்காக இன்னொரு கந்துவட்டிக்குப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதலே அதற்கு எதிராகத் தனிச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்திலோ கலெக்டர் அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம்.

கார்டையோ லோனையோ கட்ட முடியாதபோது 'பாதி கட்டுங்க சார், செட்டில் பண்ணிடலாம்' என்று வங்கியிலிருந்து போன் வரும். வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது சரி. ஆனால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும். பின்னால் வீட்டுக்கடன் கேட்கும்போது இடிக்கும். சம்மதித்தால் தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

முழுதாகக் கட்டி முடித்தவர்கள் நிலுவையில்லாச் சான்றை உடனே கேட்டு வாங்குங்கள். சொத்துப் பத்திரம் வங்கியில் இருந்தால், கடன் முடிந்த 30 நாளுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.