முட்டைக்கோஸ் இலையில் ஓடு: தின்னக்கூடிய கட்டுமானத் துண்டு செய்முறை

சுவரில் உணவைச் சேர்ப்பது செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. கானாடுகாத்தான், காரைக்குடி வீடுகளின் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சில் கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் கருப்பட்டியும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அங்கே அவை சுண்ணாம்புக்குத் துணைச் சரக்குதான். சிமென்டோ சுண்ணாம்போ பசையோ இல்லாமல், காய்கறிக் கழிவை மட்டும் சூட்டில் அழுத்தி ஓடாக்கலாம் என்று 2021-ல் செய்து காட்டியவர்கள் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யூயா சகாயும் கோட்டா மச்சிடாவும். அவர்கள் செய்த சீன முட்டைக்கோஸ் துண்டு 18 மெகாபாஸ்கல் வளைவு வலிமை (வளைக்கும்போது உடையாமல் தாங்கும் அளவு) காட்டியது. நம் ஊரில் எம்25 என்ற தரக் கான்கிரீட்டுக்குக் கணக்கில் வரும் வளைவு வலிமை 3.5 மெகாபாஸ்கல்.

இந்தக் கணக்கை வைத்து வீடு கட்டக் கிளம்பிவிட வேண்டாம். ஆத்தங்குடிக் கல் அளவில், 20 செ.மீ. சதுரத்தில் ஓர் ஓடு அழுத்த 80 டன் பிரஸ் வேண்டும். 5 செ.மீ. சதுரம், 5 மி.மீ. கனம் என்றால் 5 டன் போதும். அந்த அளவிலேயே தொடங்குங்கள்.

கழிவைத் தேர்ந்தெடுப்பதில்தான் 'தின்னக்கூடிய' என்ற சொல் நிற்கும், விழும். இலையில் மிஞ்சிய எச்சில் சோறு, குழம்பு பட்டது, முந்தின நாள் கழிவு எதுவும் ஆகாது. அவை உரக்குழிக்கு. கல்யாணச் சமையற்கட்டில் காய் நறுக்கும் இடத்திலேயே தனிக் கூடை வைத்து, முட்டைக்கோஸின் வெளி இலை, வாழைப்பழத் தோல், ஆரஞ்சுத் தோல், வெங்காயச் சருகு ஆகியவற்றை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். வெங்காயச் சருகில் கருப்புப் பூஞ்சை இருந்தால் மொத்தமாகத் தள்ளுங்கள், கழுவினால் போகாது. தேங்காய்த் துருவல் சக்கை, வறுத்த பருப்பு போன்ற எண்ணெய்ப் பசையுள்ளவை வேண்டாம். எண்ணெய் இருந்தால் பொடி ஒன்றோடொன்று பிடிக்காது. பறங்கிக்காய் தனியாக நின்றால் பலவீனம். டோக்கியோ சோதனையில் குறித்த வலிமையை எட்டாதது அது ஒன்றுதான். முட்டைக்கோஸ் பொடியோடு கலந்தால் சரியாகிவிடும்.

உப்புத் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, ஒரு செ.மீ. அகலத்தில் நறுக்குங்கள். வாழைத் தோலின் காம்பையும் நுனியையும் வெட்டி எறியுங்கள். மாடியில் வெள்ளை வேட்டி விரித்து, மேலே வலை கட்டி, ஆச்சிமார் வற்றல் போடுவது போலக் காயவையுங்கள். மாசி முதல் ஆனி வரை பொதுவாக இரண்டு மூன்று வெயிலில் முடியும். இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும்; பனி இறங்கினால் மறுநாள் பூஞ்சை வாடை வரும். ஐப்பசி, கார்த்திகையில் வெயிலை நம்பாமல் 60 டிகிரி உலர்த்தியில் போடுங்கள். கையால் ஒடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும், மடங்கக் கூடாது. அதைவிட நம்பகமானது தராசு: எடை போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி போடுங்கள். எடை குறையவில்லையென்றால் காய்ந்துவிட்டது. ஒரு கிலோ முட்டைக்கோஸ் இலையில் 80 கிராம் அளவுக்குத்தான் மிஞ்சும். அதில் நாலு ஓடு.

சூடு ஆறியதும் மிக்ஸியில் நைசாக அரைத்து, துணியில் சலியுங்கள். திப்பி நின்றால் ஓடு அந்த இடத்தில்தான் உடையும். பொடி ஈரத்தை இழுக்கும் என்பதால் உடனே காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள்.

அச்சை லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304-ல் செய்யச் சொல்லுங்கள். உள்ளளவு 50 × 50 மி.மீ., உயரம் 40, சுவர்க் கனம் குறைந்தது 12 மி.மீ.; பக்கங்கள் போல்ட் கழற்றிப் பிரிகிற மாதிரி இருக்கட்டும். அழுத்த 10 டன் ஜாக்கியும் அழுத்தம் காட்டும் கேஜும் உள்ள எச் ஃபிரேம் (H வடிவ இரும்புச் சட்டம்). ஜாக்கி கீழே, அச்சு மேலே. எண்ணெய் கசிந்தாலும் பொடியில் சொட்டாது. மேலும் கீழும் ஹீட்டர் தகடு, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள், சூட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி. தகட்டுக்கும் ஜாக்கிக்கும் நடுவில் சூட்டைக் கடத்தாத ஹைலம் தகடு வைக்காவிட்டால் ஜாக்கியின் சீல் சூட்டில் போய்விடும்.

ஓர் ஓட்டுக்கு 18 கிராம் பொடி, 2 கிராம் தண்ணீர், விருப்பமிருந்தால் கால் கிராம் உப்பும் ஒரு சிட்டிகை மிளகு சீரகப் பொடியும். தண்ணீரைத் தெளித்துப் பிசிறி, மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். அச்சின் அடியிலும் மேலேயும் பட்டர் பேப்பர் போட்டு, பொடியைக் கொட்டிச் சமன் செய்து, முதலில் சூடில்லாமல் ஒரு முறை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு 110 டிகிரிக்கு ஏற்றி 5 டன் கொடுங்கள். இரண்டாம் நிமிடத்தில் அழுத்தத்தைச் சட்டெனத் தளர்த்தி ஆவியை விட்டு, மறுபடி 5 டன். பொடி இறங்க இறங்க கேஜ் குறையும். பம்ப் அடித்துக்கொண்டே இருங்கள். பத்து நிமிடம் கழித்து ஹீட்டரை அணையுங்கள், அழுத்தத்தை விடாதீர்கள். அச்சு 50 டிகிரிக்கு வந்த பிறகே ஜாக்கியைத் தளர்த்த வேண்டும். சூட்டில் இளகி ஓடிய சர்க்கரையும் மற்றச் சத்துகளும் ஆறும்போதுதான் இறுகிப் பிடிக்கின்றன. பாதிச் சூட்டில் திறந்தால் உள்ளே அடைபட்ட ஆவி ஓட்டை உப்ப வைத்து ஏடு ஏடாகப் பிரிக்கும். கெட்டுப்போகும் ஓடுகளில் பெரும்பாலானவை இந்த அவசரத்தில் கெட்டவை.

ஆறிய பிறகும் உப்பல் இருந்தால் தண்ணீர் அதிகம், ஒன்றரை கிராமாக்குங்கள். ஓரம் உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. உடைத்துப் பார்க்கையில் நடுவில் வெளிறிய பொடி தெரிந்தால் சூடு உள்ளே எட்டவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள். ஓரம் கருகினால் தகட்டுச் சூடு கட்டுப்பாட்டுக் கருவி காட்டுவதைவிட அதிகம். வாழைத் தோலும் ஆரஞ்சுத் தோலும் சர்க்கரை மிகுந்தவை, சீக்கிரம் கருகும், அவற்றுக்கு 100 டிகிரியிலிருந்து தொடங்குங்கள். ஓடு வளைந்தால் இரண்டு தகட்டின் சூடும் ஒன்றாக இல்லை.

வலிமை பார்க்க ஆய்வகம் வேண்டாம். இரண்டு இரும்புக் கம்பியை 4 செ.மீ. இடைவெளியில் வைத்து, மேலே ஓட்டைப் படுக்கவைத்து, நடுவில் குறுக்கே ஒரு கம்பி போட்டு அதில் வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். வாளியோடு சேர்ந்து ஏழரை கிலோவைத் தாங்கினால் எம்25 அளவு. 38 கிலோ தாங்கினால் டோக்கியோ அளவு. கால் தள்ளி நில்லுங்கள்.

பயன்பாடு: வீட்டுக்குள் சுவர்ப் பதிப்பு, டீ டம்ளர் தட்டு, கடையில் பொருள் வைக்கும் சிறு பலகை. முற்றத்துப் பக்கமும் தாழ்வாரமும் ஆகாது, சாரல் பட்டால் ஊறிவிடும். டோக்கியோவில் நான்கு மாதம் காற்றில் வைத்தும் அழுகல், பூச்சி வரவில்லை. ஆனால் நம் ஊர் எறும்புக்கு அது தெரியாது. மெல்லிய தேன்மெழுகுப் பூச்சு ஈரத்தைக் குறைக்கும். வார்னிஷ் அடித்த ஓட்டை வாயில் வைக்காதீர்கள். விற்பதாக இருந்தால் உணவுப் பொருள் என்ற கணக்கில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும்.

சாப்பிட, அப்படியே கடித்தால் பல்தான் போகும். மெழுகு இருந்தால் சுரண்டிவிட்டு, சுத்தியால் உடைத்து, வெந்நீரில் இளகும் வரை ஊறவைத்து, ரசத்திலோ சாம்பாரிலோ போட்டுக் கொதிக்கவிடுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். ஓட்டில் சேர்த்திருந்தால் அதிலேயே கொஞ்சம் இருக்கிறது.