போட்டோவ வெச்சு மிரட்டுறாங்களா? மொதல்ல இத பண்ணுங்க

எங்கக்கா பையன் கோபில பிளஸ் ஒன் படிக்கறானுங்க, போன மாசம் ரெண்டு நாளா சரியாவே சோறு திங்கல, என்ன கண்ணு வெசனம்னு கேட்டா மூஞ்சியவே காட்டல, பொறவு ராத்திரி எல்லாரும் தூங்குனதுக்கப்பறம் வந்து போன நீட்டுனான். இன்ஸ்டால பழகுன ஒரு "பொண்ணு" இவன்கிட்ட போட்டோ வாங்கிட்டு, "ரெண்டாயிரம் ஜிபே பண்ணு, இல்லீனா உன் ஃபிரண்ட்ஸ் எல்லாத்துக்கும் அனுப்பிருவேன்"னு மெசேஜ். பையனுக்கு கை நடுங்குதுங்க. தயவுசெஞ்சு அந்த நேரத்துல புள்ளைகள வையாதீங்க.

காசு மட்டும் குடுத்தறாதீங்க, ஒருக்கா குடுத்தா மறுக்கா கேப்பாங்க. பயத்துல சாட்ட அழிக்கவும் வேண்டாம், ஐடி பேரு, மெசேஜ், யூபிஐ ஐடி எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டு அப்பறமா ரிப்போர்ட் அடிச்சு பிளாக் பண்ணுங்க. காசு போயிருச்சுன்னா அப்பவே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு கூப்புடுங்க, லேட் ஆக ஆக பணத்த மடக்கறது கஷ்டமுங்க. ஊட்ல சொல்ல பயமா இருக்கற புள்ளைக குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098க்கு பேசலாம், ராத்திரினாலும் எடுப்பாங்க.

இன்னொண்ணு, நெறைய பேருக்கு தெரியல. 18 வயசுக்குள்ள எடுத்த அந்தரங்க படம்னா 'டேக் இட் டவுன்'னு ஒரு இலவச சைட் இருக்குது, படம் உங்க போன விட்டு வெளிய போகாது, அதோட கைரேகையாட்டம் ஒரு அடையாளக் குறியீடு மட்டுந்தான் போகும், அத வெச்சு இன்ஸ்டா, ஃபேஸ்புக்காரங்க அந்தப் படத்த கண்டுபுடிச்சு தூக்குவாங்க. பேரு கூட குடுக்க வேண்டியதில்லீங்க.