கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவாதீர்கள்: அறுபதைத் தாண்டிய வீட்டில் வேலை பிரிக்கும்போது வரும் தவறுகள்

பணி ஓய்வுக்குப் பிந்தைய முதல் ஆறு மாதத்தில் பல வீடுகளில் ஒரே மாதிரிச் சண்டை நடக்கிறது. முப்பது, முப்பத்தைந்து வருஷம் ஒருவர் கையிலேயே இருந்த அடுப்படிக்குள் இன்னொருவர் நுழைகிறார். நுழைபவருக்கு அறுபத்தைந்து வயது, முட்டி வலி, சர்க்கரை, கொஞ்சம் மந்தமான காது. நின்று கற்றுக்கொடுப்பவருக்கும் அதே வயது, அதே வலிகள். கத்தாதீர்கள், பக்கத்து வீட்டோடு ஒப்பிடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். தவறு என்றே தெரியாமல் செய்கிறவை வேறு. புதிதாக வேலை பிரித்துக்கொள்ளும் ஒவ்வொரு வீட்டிலும் அவைதான் திரும்ப வருகின்றன.

ஒருவர் கழுவியதை இன்னொருவர் ரகசியமாகத் திரும்பக் கழுவுவது

எத்தனை முறை பார்த்தாலும் இது ஒன்றுக்கு மட்டும் கோபம் ஆறுவதில்லை. நல்ல மனசோடு செய்கிற காரியம் இது. ஆனால் உதவ வந்த ஒரு ஜோடிக் கையை வீடு இதனாலேயே இழக்கிறது.

நடப்பது இப்படி. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கணவர் பாத்திரம் தேய்த்துக் கூடையில் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போகிறார். மனைவி ஒரு தட்டை எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் குழம்பு எண்ணெய் வழுக்குகிறது. சொல்லி எதற்கு மனசை நோகடிப்பது என்று, சத்தம் வராமல் நாலைந்து பாத்திரத்தைத் திரும்பத் தேய்த்து வைக்கிறார். இரண்டு வாரம் இப்படியே ஓடுகிறது. ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் பார்த்துவிடுகிறார்.

"சரியா வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கஷ்டப்படுவீங்கன்னுதாங்க…"

"இனிமே நீயே தேய்ச்சுக்கோ."

அதோடு முடிந்தது. அவர் அந்தத் தொட்டிப் பக்கம் திரும்ப வருவதில்லை. இவருக்கோ இடுப்பு வலியோடு முழு வேலையும் தலையில். சில வீடுகளில் இதே கதை ஆள் மாறி நடக்கும்: மனைவி பெருக்கிய அறையைக் கணவர் மறுபடி பெருக்குவார், மடித்து வைத்த துணியை உதறி மடிப்பார். காயம் ஒன்றுதான்.

எண்ணெய் ஏன் தங்குகிறது என்று பாருங்கள். சோம்பல் காரணமில்லை. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளிக்கிறது, பாப்பா சுருங்குகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போய்ச் சேரும். அதோடு நம் சமையலறைகளில் டியூப்லைட் பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால், எதிர்ச் சுவரில் இருக்கிறது. தொட்டி முன்னால் நிற்பவரின் நிழல் அவர் தேய்க்கும் தட்டின் மேலேயே விழுகிறது. பளபளக்கும் எவர்சில்வரில் நிறமில்லாத எண்ணெய்ப் படலம் இளம் கண்ணுக்கே சட்டென்று தெரியாது. அவருக்குத் தட்டு சுத்தமாகவே தெரிகிறது. உண்மையாகவே தெரிகிறது.

செய்ய வேண்டியவை இவை. தொட்டிக்கு நேர் மேலே, முன்பக்கச் சுவரில் ஒரு 9 வாட் எல்இடி விளக்கு. பல்ப் கண்ணில் அடிக்காமல் பாத்திரத்தின் மேல் விழ வேண்டும். தேய்க்கும் வரிசை: முதலில் டம்ளர், அடுத்து தட்டு, பிறகு குழம்புச் சட்டி, கடைசியில் எண்ணெய்ச் சட்டி. எண்ணெய்ச் சட்டியைத் தேய்ப்பதற்கு முன் பழைய செய்தித்தாளால் ஒரு துடை, இரண்டு டம்ளர் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறல். பால் பாத்திரத்துக்கும் மாவுப் பாத்திரத்துக்கும் மட்டும் வெந்நீர் ஆகாது, ஒட்டிக்கொள்ளும். அவற்றில் பச்சைத் தண்ணீர்தான். எண்ணெய்ப் பாத்திரத்துக்குத் தனி நார் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஏறிய நாரால் டம்ளரைத் தேய்ப்பதுதான் பாதிப் பிரச்சினை.

கண்ணை நம்பாமல் விரலை நம்பச் சொல்லுங்கள். அலசிய தட்டின் ஓரத்தில் கட்டைவிரலை அழுத்தி இழுத்தால் 'கிரீச்' என்று பிடிக்க வேண்டும், வழுக்கினால் எண்ணெய் இருக்கிறது. சர்க்கரையால் விரல் மரத்தவர்களுக்கு இது உதவாது. அவர்கள் தட்டைச் சாய்த்துத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். சுத்தமாக இருந்தால் தண்ணீர் படலமாக வழியும், எண்ணெய் இருந்தால் துளித்துளியாகத் திரண்டு நிற்கும்.

சொல்வதற்கும் நேரம் உண்டு. ராத்திரி களைப்பில் வேண்டாம். காலையில், ஜன்னல் வெளிச்சத்தில், அந்தத் தட்டையே கையில் கொடுத்து, "இந்த ஓரத்தைத் தொட்டுப் பாருங்க" என்றால் போதும். வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். அவரே மறுபடி அலசட்டும்.

ரகசியமாகக் கழுவுவதில் இன்னொரு நஷ்டம் இருக்கிறது, இது பெரியது. விளக்கு மாட்டி, வரிசை மாற்றி, மூன்று வாரம் ஆன பிறகும் தட்டில் எண்ணெய் நிற்கிறது என்றால் அது கண்புரையாக இருக்கலாம். கண் மருத்துவரிடம் போக வேண்டிய சேதியை அந்தத் தட்டுதான் சொல்கிறது. நீங்கள் திரும்பக் கழுவி வைத்தால் அது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

விசிலை எண்ணச் சொல்வது

"நாலு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போகிறார்கள். வயதில் காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர் ஒலிகளை. ஹாலில் டிவி, அடுப்படியில் எக்ஸாஸ்ட் ஃபேன், நடுவில் மூன்றாவது விசிலா நான்காவதா என்ற குழப்பம். பருப்பு அடிப்பிடித்தால் அவர் கவனக்குறைவு என்று பட்டம் வேறு. விசிலுக்குப் பதில் நிமிஷம் சொல்லுங்கள்: முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, டைமரில் எட்டு நிமிஷம். உங்கள் அரிசிக்கும் பருப்புக்கும் எத்தனை நிமிஷம் என்று இரண்டு நாள் பார்த்துக் குறித்து, குக்கர் மூடியின் பிடியிலேயே ஒட்டிவிடலாம். முதல் விசில் வரும்வரை மட்டும் அவர் அடுப்பருகே இருக்க வேண்டும்.

கையை ஒருவரிடம் கொடுத்து, ஞாபகத்தை இன்னொருவரே வைத்துக்கொள்வது

"அவர்தான் காபி போடுறார்" என்பார்கள். ஆனால் தூள் தீர்ந்ததா, ராத்திரியே டிகாக்‌ஷன் இறக்கியாச்சா, ஃபில்டர் கழுவியாச்சா என்று நினைத்துக்கொண்டே இருப்பது மனைவி. இதில் உடம்பு வேலை பாதி குறையலாம், மனசு வேலை துளிகூடக் குறையாது. ஒரு வேலையைக் கொடுத்தால் வாலோடு கொடுங்கள். காபி என்றால் தூள் வாங்குவது, இரண்டு பேருக்கு மூன்று கரண்டி போட்டுக் கொதிக்கும் நீர் ஊற்றுவது, பால் காய்ச்சுவது, ஃபில்டர் ஓட்டை அடைக்காமல் கழுவிக் காயவைப்பது எல்லாம் ஒருவருடையது. தூள் தீர்ந்த அன்று காபி இல்லாமல் போகட்டும். ஒரு நாள் போனால் அடுத்த மாதம் போகாது.

ஜாடையாகப் பேசுவது

"குப்பை நிறைஞ்சு கிடக்கு" என்பது சேதி. "குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க" என்பது வேலை.

சாமான் இடத்தை மாற்றுவது

மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் இருவரும் சேர்ந்து மாற்றி, டப்பா மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

கனத்தைக் கணக்கில் எடுக்காமல் பிரிப்பது

ஆம்பிளை கனம் தூக்கலாம் என்ற பழைய கணக்கு எழுபதில் செல்லாது. 15 லிட்டர் வாளி நிறையத் தண்ணீர் என்றால் 15 கிலோ. சமையல் கேஸ் சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பும் சேர்த்தால் கிட்டத்தட்ட 30. அதை உருட்டுவதுகூட வேண்டாம். கொண்டுவருபவரையே மாட்டி, ரெகுலேட்டர் சோதித்துத் தரச் சொல்லுங்கள். ஐந்து லிட்டர் குக்கரைச் சோறோடு தூக்கிச் சாய்க்கும்போது மணிக்கட்டு திரும்புகிறது, இரண்டு பேருக்கு மூன்று லிட்டர் போதும். மாவுக்கு நாலுக்கு ஒன்று அரிசி உளுந்து என்ற அளவு மாற வேண்டாம், வாரத்துக்கு ஒரே தடவையாக அரைப்பதை இரண்டு தடவையாகப் பிரித்தால் கிரைண்டர் பாத்திரம் கையில் நிற்கும். அரிவாள்மனையில் தரையில் உட்கார்ந்து எழுவது முட்டிக்குத் தண்டனை. கத்தியும் பலகையும் சாப்பாட்டு மேசைக்கு வரட்டும். கை நடுக்கம் இருப்பவரிடம் சேனையும் பூசணியும் வேண்டாம், கீரை ஆய்வதையும் பூண்டு உரிப்பதையும் கொடுக்கலாம்.

ஸ்டூல் மேல் ஏறுவது

பரணில் இருப்பது இளையவர் யாராவது வரும் வரை பரணிலேயே இருக்கட்டும்.

மாத்திரையோடு மோதும் வேலை

இன்சுலின் போட்டுக்கொண்டு டிபனுக்கு முன் வீடு துடைக்கக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். ரத்த அழுத்த மாத்திரையும் புராஸ்டேட் மாத்திரையும் சாப்பிடுபவர்களுக்குக் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டலாம். கட்டிலில் இருந்து எழுந்ததும் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பிறகு நிற்க வேண்டும். துணியை அண்ணாந்து கொடியில் போடுவதைவிட நெஞ்சு உயரத்தில் ஸ்டாண்டு வைத்து உலர்த்துவது நல்லது.

"வாசனை வந்தா தெரியாதா?"

தெரியாமல் போகலாம். கசிந்தால் நாற்றம் வரட்டும் என்றுதான் சமையல் வாயுவில் மெர்காப்டன் கலக்கிறார்கள், ஆனால் மூக்கும் வயதில் மங்கும். ராத்திரி ரெகுலேட்டரை மூடுவது ஒரே ஒருவர் பொறுப்பு என்று வையுங்கள். இருவர் பொறுப்பு என்றால் இருவருமே மற்றவர் மூடியிருப்பார் என்று படுத்துவிடுவார்கள். அடுப்பை அணைக்க மறப்பது ஒரே மாதத்தில் மூன்று நான்கு முறை நடந்தால் திட்டாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பி12 குறைவிலும் தைராய்டிலும்கூட மறதி வரும், இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை போதும்.

எல்லாம் ஒருவர் போனில்

கேஸ் பதிவு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கட்டும் மின் கட்டணம், மருந்துக்கடை எண், எல்லாம் பெரும்பாலும் கணவர் போனில். அவர் நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் வீட்டில் சிலிண்டர்கூட வராது. மின் இணைப்பு எண், கேஸ் நுகர்வோர் எண், மாத்திரை வேளைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். அடுத்த சிலிண்டரை மனைவியே பதிவு செய்யட்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், போனை மட்டும் பிடுங்காதீர்கள்.