காரை விட்டு இறங்கிய ஜி.பி.எஸ். கருவிக்கு மின்சாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வரை ஜி.பி.எஸ். கருவியின் பசி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சாவியைத் திருப்பினால் விழித்துக்கொள்கிறது. இன்ஜினை நிறுத்தினால் தானே அணைந்துவிடுகிறது. இடையில் எத்தனை மணி நேரம் ஓடினாலும் கேட்பாரில்லை. அதே கருவியைக் கழற்றி ஸ்கூட்டரில் மாட்டி, தண்டையார்பேட்டையிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போகப் புறப்பட்டால், ஏரியைப் பார்ப்பதற்கு முன்பே திரை இருண்டுவிடலாம். உள்ளே இருக்கும் சிறிய லித்தியம் பேட்டரி, கார் நிறுத்தப்பட்டிருக்கும் கொஞ்ச நேரத்தைச் சமாளிப்பதற்காக வைக்கப்பட்டதே தவிர, ஒரு பகல் முழுவதும் உழைப்பதற்காக அல்ல. கார் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலைகள் எவை என்று தெரிந்துகொள்ளாமல், அதன் இடத்தில் கைக்குக் கிடைத்த ஒரு மின்கலத்தை வைத்துவிடுவதிலிருந்துதான் இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

அவற்றில் மிகவும் விலை உயர்ந்த தவறை நானே செய்திருக்கிறேன். காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கும் நண்பரோடு ஒருநாள் விடியற்காலையில் கடலுக்குப் போனபோது, என் காரிலிருந்த கருவியையும் எடுத்துக்கொண்டேன். படகில் விளக்குக்காக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருந்தது; சிகரெட் லைட்டர் துளைதான் இல்லை. “அண்ணே, தலைய வெட்டிட்டு ஒயர நேரா பேட்டரில குடுத்துடலாம், அதுவும் 12, இதுவும் 12 தானே” என்றார் உடன் வந்த தம்பி. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வெட்டினோம், கொடுத்தோம், இரண்டு நொடியில் கருகிய வாடை வந்தது.

நாங்கள் வெட்டி எறிந்த அந்தத் தலைக்குள்தான் எல்லாமே இருந்தது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் அந்தத் தடித்த பிளக், வெறும் இணைப்பு முனை அல்ல. அதன் நுனியில் ஒரு சிறிய ஃபியூஸும், உடலில் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சுற்றும் இருக்கின்றன. காரில் 12 வோல்ட் என்பதும் பேச்சுக்குத்தான். இன்ஜின் ஓடும்போது அது 14 வோல்ட்டைத் தாண்டிவிடும். கருவிக்குள் போகும் கம்பியில் இருக்க வேண்டியது 5 வோல்ட் மட்டுமே. எனவே படகிலோ, வீட்டு யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியிலோ இணைக்க விரும்புகிறவர்கள், பிளக்கை அப்படியே விட்டுவிட்டு, அதைச் செருகுவதற்கான துளை ஒன்றை வாங்கி அதன் கம்பிகளைப் பேட்டரியில் பொருத்த வேண்டும். சிவப்பு நேர்முனைக்கும் கறுப்பு எதிர்முனைக்கும் போகிறதா என்று பார்ப்பதோடு, பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே தனியாக ஒரு ஃபியூஸ் வைப்பது அவசியம். பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் கருவியைக் காப்பாற்றுமே ஒழிய, படகின் ஆட்டத்தில் இடையிலுள்ள கம்பி உரசிக் குறுக்குச்சுற்று ஆனால் தீயைத் தடுக்காது. (கார்க் கருவியில் சாலை வரைபடம் மட்டுமே உண்டு என்பதையும், அலை நடுவே அது நம்மை அருகிலுள்ள சாலைக்கு இழுத்துப்போகவே முயலும் என்பதையும், கருவி கருகிய பிறகு நண்பர் பொறுமையாகச் சொன்னார்.)

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளில் இதே தவறு வேறு வடிவம் எடுக்கிறது. அவற்றில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். 12 வோல்ட்டுக்கு மட்டுமே ஆன மலிவான பிளக்கை அதில் செருகினால் அது தாங்காது. இதைப் பலர் அறிந்திருக்கிறார்கள். அறிந்ததாலேயே, இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் கம்பி இழுத்து, ஓய்வு நேரத்தில் கருவியையும் மின்விசிறியையும் ஓட்டுகிறார்கள். கருவிக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஒரு பேட்டரி மட்டும் தினமும் இறங்குகிறது; மற்றது இறங்குவதில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்கோ இரண்டும் சேர்ந்த மொத்தம்தான் தெரியும். ஆகவே நிறைந்திருப்பது அளவுக்கு மீறி ஏற்றப்பட்டும், குறைந்திருப்பது நிறையாமலும் இரண்டுமே சீக்கிரம் கெடுகின்றன. பிளக்கின் மேல் 12 முதல் 24 வோல்ட் வரை என்று அச்சிட்டிருப்பதை வாங்கினால் இந்தச் சிக்கலே எழாது.

கருவி எரியாவிட்டாலும் வழிகாட்ட மறுக்கும் தருணம் ஒன்று உண்டு. பவர் பேங்கிலோ வீட்டு அடாப்டரிலோ இணைத்தவுடன், வரைபடம் மறைந்து, திரையில் ஒரு கணினியின் படம் வந்து நின்றுவிடும். கருவி பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழுது கருவியில் இல்லை, கேபிளில் இருக்கிறது. கார்மின் நிறுவனத்தின் பழைய கருவிகள் பலவற்றில் உள்ள மினி யு.எஸ்.பி. துளையில் ஐந்து முனைகள் உண்டு. கார் பிளக்கோடு வரும் கம்பியில், நான்காவது முனைக்கும் தரைமுனைக்கும் இடையே ஒரு சிறிய மின்தடையை வைத்திருப்பார்கள். அதைக் கண்டதும் ‘இது வெறும் மின்சாரம்’ என்று கருவி புரிந்துகொண்டு தன் வேலையைத் தொடர்கிறது. கணினிக்கான சாதாரண கேபிளில் அந்தத் தடை இல்லாததால், கணினியோடு பேசத் தயாராகி, வழிகாட்டுவதை நிறுத்திவிடுகிறது. கடையில் கேட்கும்போது ‘மினி யு.எஸ்.பி. கேபிள்’ என்று மட்டும் சொல்லாமல், அந்த மாடலின் சார்ஜிங் கேபிள் என்று சொல்லி, வாங்குவதற்கு முன் கையோடு கொண்டுபோன கருவியில் செருகி வரைபடம் மறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே சரி.

இனி பவர் பேங்க். உறையில் 10,000 எம்.ஏ.ஹெச். (மில்லி ஆம்பியர் மணி, அதாவது 10 ஆம்பியர் மணி) என்று எழுதியிருப்பதையும், கருவி அரை ஆம்பியர் இழுக்கிறது என்பதையும் வைத்து, இருபது மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போடுவது இயல்பு. அந்தக் கணக்கு தவறு. 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் லித்தியம் மின்கலத்துக்கான அளவு. வெளியே வருவது 5 வோல்ட். 3.7 வோல்ட்டை 10 ஆம்பியர் மணியால் பெருக்கினால் 37 வாட் மணி. வோல்ட்டை உயர்த்தும் சுற்றில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும் என்று கொண்டால், கைக்குக் கிடைப்பது 31 வாட் மணி அளவில். 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும் கருவி மணிக்கு 2.5 வாட் மணி செலவழிப்பதால், உண்மையில் ஓடுவது சுமார் பன்னிரண்டு மணி நேரம். ஒரு நாள் பயணத்துக்கு இதுவே தாராளம்தான். ஆனால் இருபதை நம்பி இரண்டு நாள் பயணத்துக்குத் திட்டமிட்டவர் இரண்டாம் நாள் காலையில் வழி கேட்டுத்தான் போக வேண்டியிருக்கும். இதுவும் எழுதியிருக்கும் அளவு உண்மையாக இருந்தால்தான். நடைபாதையில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ‘50,000’ பவர் பேங்க் உள்ளங்கையில் அடங்குகிறதென்றால், அந்த எண்ணை நம்ப வேண்டியதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரையும், அதனோடு ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று உறையைத் திருப்பிப் பார்ப்பதற்குப் பத்து நொடி போதும்.

பவர் பேங்கிடம் இன்னொரு குணம் உண்டு. தன்னிடமிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் மிகவும் குறைந்துபோனால், வேலை முடிந்துவிட்டது என்று எண்ணி அதுவே அணைந்துவிடும். கைபேசிக்கு ஏற்ற இந்த ஏற்பாடு, சிறிய திரையுள்ள கையடக்கக் கருவிக்குப் பகையாகிறது: உள்பேட்டரி நிறைந்ததும் இழுப்பு குறைகிறது, பவர் பேங்க் அணைகிறது, நாம் கவனிக்காமல் மூன்று மணி நேரம் உள்பேட்டரியிலேயே ஓடிவிட்டுப் பிறகு கருவியும் அணைகிறது. பையில் நிறைந்த பவர் பேங்க் இருந்தும் வழி தெரியாமல் நிற்கும் விந்தை இப்படித்தான் நேர்கிறது. சில பவர் பேங்குகளில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் குறைந்த மின்னோட்டத்துக்கான முறை இயங்கும். அந்த வசதி இல்லையென்றால், கருவியைத் தொடர்ந்து இணைத்து வைப்பதை விட்டு, உள்பேட்டரி பாதியாகும் போதெல்லாம் இணைத்து நிரப்பிக்கொள்ளலாம்.

ஆம்பியரைப் பற்றிய அச்சம் தேவையற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் துளையில் இணைத்தால் கருவி வெந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வோல்ட் 5 ஆக இருக்கும் வரை, எவ்வளவு இழுப்பது என்பதைத் தீர்மானிப்பது கருவிதான். முறையாகச் செய்யப்பட்ட விரைவு சார்ஜர்களும், எதிர்முனையில் உள்ள கருவி கேட்காத வரை 5 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பதில்லை.

அஞ்ச வேண்டியது மெல்லிய கேபிளுக்கு. ஸ்கூட்டரின் பெட்டியிலிருந்து கைப்பிடி வரை எட்ட வேண்டும் என்று இரண்டு மீட்டர் கேபிள் வாங்குகிறோம். அதனுள் இருப்பது 28 கேஜ் கம்பியாக இருந்தால், போகவும் வரவுமாக நான்கு மீட்டரில் ஏறத்தாழ 0.85 ஓம் தடை சேர்கிறது. ஒரு ஆம்பியர் ஓடும்போது 5 வோல்ட்டில் 0.85 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகிறது. மிச்சமிருக்கும் நாலேகால் வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்தில் கருவி ‘சார்ஜ் ஆகிறது’ என்று காட்டிக்கொண்டே மெல்ல இறங்கும். 24 கேஜ் கம்பியில் இந்த இழப்பு ஏறத்தாழ 0.34 வோல்ட்டாகக் குறைகிறது. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதைக் கடையில் நினைவில் வைத்திருக்க வேண்டும். கேபிளின் மேலுறையில் சிறிய எழுத்தில் அந்த எண் பெரும்பாலும் இருக்கும்.

பென்டார்ச் செல்லில் ஓடும் கையடக்கக் கருவிகளைக் கடலோரத்தில் அதிகம் காணலாம். இரண்டு செல் போட்டால் போதும், சார்ஜரைத் தேட வேண்டாம் என்பதே அவற்றின் பெருமை. அதில் சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் சாதாரண கார்பன் செல்லைப் போடுவதே முதல் பிழை; கடிகாரத்தை ஓராண்டு ஓட்டும் செல், கருவியின் இழுப்புக்கு ஒரு காலைப் பொழுதிலேயே சோர்ந்துவிடக்கூடும். அல்கலைன் செல்லோ, மறுபடி ஏற்றக்கூடிய நிக்கல் செல்லோ வேண்டும். நிக்கல் செல்லின் இயல்பான அழுத்தமே 1.2 வோல்ட் என்பதால், கருவியின் அமைப்பில் செல் வகையை மாற்றாமல் விட்டால், நிறைந்த செல்லையே ‘தீரப்போகிறது’ என்று அது காட்டும். நாமும் பாதிக்கு மேல் மின்சாரம் மிச்சமிருக்கும் செல்களைக் கழற்றிக்கொண்டே இருப்போம். புதிய செல்லோடு பழைய செல்லைச் சேர்த்துப் போட்டால், பலவீனமானது முற்றிலும் இறங்கி, கசியத் தொடங்கும்.

கசிவென்றதும் மீன்பிடித் தடைக்காலம் நினைவுக்கு வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. கருவியும் செல்லோடு பெட்டிக்குள் போய்விடுகிறது. அணைத்து வைத்தாலும் சில கருவிகள் துளி மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் சூடேறும் பெட்டிக்குள் தீர்ந்துபோன அல்கலைன் செல் கசிந்து, வெள்ளை உப்புப் போலப் படிந்து, உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை அரித்துவிடும். தடை தொடங்கும் நாளிலேயே செல்லை வெளியே எடுத்துவிட வேண்டும். படிந்துவிட்டால், பஞ்சில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து நன்றாக உலர்த்தினால், அரிப்பு ஆழமாகப் போகாத வரை மீட்டுவிடலாம். லித்தியம் உள்பேட்டரியை எடுக்க முடியாத கருவியை, முழுதாக ஏற்றியும் வைக்கக் கூடாது, முழுதாக இறக்கியும் வைக்கக் கூடாது. பாதி அளவில் வைத்து, மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நீர் புகாத கருவி என்ற நம்பிக்கையும் மின்சாரம் கொடுக்கும் இடத்தில்தான் உடைகிறது. ஐ.பி.எக்ஸ். 7 என்ற குறியீடு, ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. சார்ஜ் துளையின் ரப்பர் மூடி மூடியிருந்தால்தான் பெரும்பாலான கருவிகளுக்கு அது பொருந்தும். கேபிள் செருகியிருக்கும் கருவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உப்புத்தண்ணீர் பட்ட துளையில் ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால், செம்பு முனைகள் ஓரிரு நாளிலேயே பச்சை பூத்துவிடும். கரைக்கு வந்ததும் மூடியை மூடியபடியே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, உலர்ந்த பிறகே இணைக்க வேண்டும். திருவொற்றியூர் கடற்கரையை ஒட்டி வசிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; ஜன்னல் கம்பி படும் பாட்டைத் தினமும் பார்க்கிறார்கள்.

கத்திரி வெயிலில் கருவியை நேரடி வெயிலில் வைத்துச் சார்ஜ் ஏற்றக் கூடாது. 45 டிகிரிக்கு மேல் லித்தியம் மின்கலத்துக்கு மின்சாரம் ஏற்றுவது அதன் ஆயுளைத் தின்றுவிடும்.

கைபேசியையே வழிகாட்டியாக நம்புகிறவர்கள் கடலில் செய்யும் தவறு வேறு. கரையிலிருந்து விலகியதும் டவர் கிடைக்காமல், கைபேசி முழு வலுவோடு அதைத் தேடிக்கொண்டே பேட்டரியைக் கரைக்கிறது. செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பெறுவதற்கு டவர் தேவையே இல்லை. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால், இன்றைய பெரும்பாலான கைபேசிகளில் ஜி.பி.எஸ். தொடர்ந்து இயங்கும். 2019-இல் மீனவர்களுக்காக அறிமுகமான ஜெமினி கருவியைப் போல, தான் பெற்ற தகவலைப் புளூடூத் வழியாகக் கைபேசிக்கு அனுப்பும் பெட்டிகளை வைத்திருப்பவர்கள், கவனிக்க வேண்டிய பேட்டரி இரண்டு என்பதையும், புளூடூத்தை மட்டும் மறுபடி இயக்கிவைக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

மின்சாரத்தை மிச்சப்படுத்த ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கருவியையே அணைத்துப் போடுவது சிலருடைய வழக்கம். பெரும்பகுதி மின்சாரத்தைத் தின்பது திரையின் வெளிச்சம்தான். அதைப் பாதியாகக் குறைத்தாலே போதும். அணைத்த கருவி மறுபடி எழும்போது, 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் பாதைத் தகவல் கையில் இருந்தால் சில நொடிகளில் இடத்தைக் கண்டுபிடிக்கும். அந்தத் தகவல் நான்கு மணி நேரம் வரைதான் செல்லும், பழையதாகிவிட்டால் மறுபடி ஒவ்வொன்றிடமிருந்தும் முப்பது நொடி வரை கேட்டுப் பெற வேண்டும். மதிய உணவுக்கு நிறுத்தும்போது அணைப்பது சரியே. பயணத்துக்கு முந்தின நாள் இரவு வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்து சோதிப்பதுதான் வீண். கான்கிரீட் கூரைக்குக் கீழே கிடைக்காத சமிக்ஞையைத் தேடித் தேடியே அது இளைத்துவிடும். மொட்டை மாடிக்குப் போய், கொண்டுபோகப் போகும் அதே பவர் பேங்கிலும் அதே கேபிளிலும் இணைத்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பேட்டரி அளவு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று குறித்துக்கொண்டு கீழே இறங்கலாம்.