நாள்பட்ட தசைவலிக்கு நொச்சி இலைக்கிழி: கட்டும் முறையும் ஒத்தடம் கொடுக்கும் முறையும்

கழுத்து, தோள்பட்டை, இடுப்பு என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் தசைவலிக்கு, வதக்கிய இலைகளைத் துணியில் மூட்டையாகக் கட்டிச் சூடாக ஒத்தடம் கொடுக்கும் இலைக்கிழி நல்ல கைவைத்தியம். வலியை வேரோடு போக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இறுகிய தசையைத் தளர்த்துவதில் பெரும்பங்கு சூட்டுக்குத்தான். இலையும் எண்ணெயும் அந்தச் சூட்டைச் சட்டென்று ஆறவிடாமல் பிடித்து வைக்கின்றன. அதனால் எத்தனை வகை இலை சேர்த்தோம் என்பதைவிட, பக்குவமாக வதக்கினோமா என்பதே முக்கியம்.

இரண்டு கிழிக்குத் தேவையானவை:

நொச்சி இலை 4 கைப்பிடி, புளிய இலை 2 கைப்பிடி, ஆமணக்கு இலை 4, தேங்காய்த் துருவல் அரை மூடி, எலுமிச்சை 1, பூண்டு 6 பல், கல் உப்பு 2 மேசைக்கரண்டி, மஞ்சள் தூள் 1 தேக்கரண்டி, நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி. 45 செ.மீ. சதுரமாகக் கிழித்த பழைய பருத்தி வேட்டித் துண்டு 2, கட்டுவதற்குப் பருத்தி நூல்.

நொச்சியை அடையாளம் காண்பது எளிது. ஒரு காம்பில் 3 அல்லது 5 சிற்றிலைகள் விரல்போல் விரிந்திருக்கும், அடிப்புறம் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருக்கும், கசக்கினால் நெடியடிக்கும். புளிய இலை கிடைக்காவிட்டால் முருங்கை இலை போதும். எருக்கிலை பலர் சேர்ப்பார்கள். அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணையே பாதிக்கும் என்பதால் புதிதாகச் செய்பவர்கள் விட்டுவிடலாம்.

1. இலைகளைக் கழுவி, நிழலில் துணிமேல் பரப்பி, மேல் ஈரம் போகும்வரை உலர்த்துங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும், இலை வதங்காமல் வெந்து குழையும். அந்தக் கிழியிலிருந்து சுடுநீர் கசிந்து தோலைச் சுட்டுவிடும். 

2. இலைகளைப் பொடியாக நறுக்குங்கள். நரம்பும் காம்பும் தங்கினால் துணியைத் துளைத்து உறுத்தும்.

3. இரும்புச் சட்டியில் 3 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, தட்டிய பூண்டு, வட்டமாக நறுக்கிய எலுமிச்சை, தேங்காய்த் துருவலைச் சிறு தீயில் வதக்குங்கள். துருவல் இளஞ்சிவப்பானதும் இலைகளைப் போட்டு, 8 முதல் 10 நிமிடம் கிளறுங்கள். இலை சுருண்டு, சலசலப்பு அடங்கியதும் உப்பு, மஞ்சள் சேர்த்து இறக்குங்கள். தேங்காய் கருகினால் கிழி முழுக்கத் தீய்ந்த வாடைதான்.

4. பாதியைத் துணி நடுவில் வைத்து, முனைகளைச் சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். பிடிக்க நான்கு விரல் நீளம் துணி மேலே நிற்கட்டும். பாலியெஸ்டர் கலந்த துணி வேண்டாம், சூட்டில் உருகும்.

5. மீதி எண்ணெயைத் தோசைக்கல்லில் தடவி, சிறு தீயில் கிழியைப் புரட்டிச் சூடாக்குங்கள். உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் 5 விநாடி வைத்துப் பாருங்கள். கையை இழுக்கத் தோன்றினால் சூடு அதிகம்.

6. முதலில் ஒற்றி ஒற்றி எடுங்கள். சூடு தணியத் தணிய அழுத்தித் தேயுங்கள். எலும்பு முடிச்சுமேல் அழுத்தாமல், சதைப்பற்றுள்ள இடத்திலேயே கொடுங்கள். 2, 3 நிமிடத்தில் ஆறிவிடும். அதற்குள் அடுத்த கிழி கல்லில் சூடாகட்டும். மொத்தம் 15 முதல் 20 நிமிடம் போதும். நேரத்தைக் கூட்டினால் பலன் கூடாது, தோல்தான் கன்றும்.

முடிந்ததும் எண்ணெயைத் துடைத்துவிட்டு, அந்தச் சூட்டோடேயே கழுத்தையோ இடுப்பையோ மெல்ல அசைத்து நீட்டி மடக்குங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஒத்தடம் கொடுத்துவிட்டு அப்படியே படுத்துக்கொண்டால், எழும்போது பழைய பிடிப்பு திரும்பி வந்திருக்கும்.

கிழியைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளும் பயன்படுத்தலாம். புளித்த வாடை வந்தால் வீசிவிடுங்கள்.

அடிபட்டு 48 மணி நேரத்துக்குள் இருக்கும் வீக்கம், புண், நரம்புச் சுருட்டல் உள்ள இடங்களில் சூட்டு ஒத்தடம் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வயிற்றிலும் இடுப்பிலும் வேண்டாம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குக் காலில் கொடுக்கவே கூடாது. சுடுவது அவர்களுக்குத் தெரியாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதைத் தேய்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வலியோடு காய்ச்சல், எடைக்குறைவு, கைகால் பலவீனம் இருந்தாலும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கியபின் உடம்பெல்லாம் தசைவலி வந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.